நீலப் புள்ளி காட்டிய இடமும் நாங்கள் நின்ற இடமும்



சற்று நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வெளிநாடு போகிறார்களாம். "போன்ல மேப் எப்படிப் பார்க்கறதுன்னு சொல்லிக் கொடுத்துட்டேன் சார். இனி தொலைஞ்சு போக வழியே இல்லை" என்றான். "தம்பி, வழி இருக்கு. நாங்களே தொலைஞ்சு போயிருக்கோம்" என்றேன். அப்போது அவனுக்குச் சொல்லத் தொடங்கியதை இங்கே முழுதாக எழுதுகிறேன். வாத்தியார் என்பதால் வரலாறும் கூடவே வரும்.

என் மகள் டோக்கியோவில் வேலை பார்க்கிறாள். 2023 ஏப்ரலில் நானும் என் மனைவியும் ஒரு மாதம் அவளோடு இருந்துவிட்டு வந்தோம். (வீட்டுக்கு டியூஷனுக்கு வந்த உங்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி கொடுத்த அதே அம்மாதான்.) மகள் அலுவலகம் போயிருந்த ஒரு நாள், நாங்கள் இருவர் மட்டும் ரயிலேறி ஷின்ஜுகு போனோம். அங்கே டோக்கியோ மாநகர அரசின் தலைமைக் கட்டடத்தில், 45-ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. பார்த்துவிட்டு இறங்கி, ஸ்டேஷனை நோக்கி நடந்தோம்.

கையில் போன். அதில் நீலப் புள்ளி. புள்ளி திடீரென்று சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. சரி, நாம்தான் தவறான பக்கத்தில் நடக்கிறோம் போலிருக்கிறது என்று நாங்களும் தாண்டினோம். கொஞ்ச நேரத்தில் புள்ளி பழைய பக்கத்துக்கே திரும்பியது. பிறகு ஒரு கட்டடத்துக்குள்ளேயே போய் நின்றுகொண்டது. இப்படியே அரை மணி நேரம் சுற்றினோம். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

என் மனைவிக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஒரு படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. எப்போதும் கையில் வைத்திருக்கும் மிட்டாய்ப் பொட்டலத்தை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். பத்தடி தள்ளி ஒரு வெண்டிங் மெஷின் இருந்தது. சில்லறையைப் போட்டு ஆரஞ்சு ஜூஸ் எடுத்துக் குடிக்கக் கொடுத்தேன். உடனே மகளுக்குப் போன் செய்து, எங்கள் இருப்பிடத்தையும் அவள் சொன்னபடி அனுப்பினேன். அவள் அலுவலகம் பக்கம்தான். டாக்சி பிடித்து வந்துவிட்டாள்.

ஆனால் எங்களிடம் வந்து சேரவில்லை.

"அப்பா, நீங்க ஓட்டல் வாசல்ல இருக்கறதா மேப் காட்டுது. நான் அங்கதான் நிக்கறேன். எங்க இருக்கீங்க?"

"நாங்க ஒரு பாலத்துக்குக் கீழ இருக்கோம்மா."

"பாலமா? இங்க பாலமே இல்லையேப்பா!"

அவள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுவது போனில் அவள் மூச்சிலேயே தெரிந்தது. இருபது நிமிடம் போயிற்று. பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது. "அப்பா, பக்கத்துல ஏதாவது கூல்டிரிங்க்ஸ் மெஷின் இருக்கா?" "இருக்கு. அதுலதான் அம்மாவுக்கு ஜூஸ் வாங்கினேன்." "அதோட முன்பக்கம் சின்னதா ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில், எங்களுக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வந்தாள். எங்கள் தலைக்கு மேலே போன சாலையில்தான் அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். மேலே நிற்பவர்களுக்கு அது சாதாரணச் சாலை. கீழே நிற்பவர்களுக்கு அது பாலம்.

ஜூஸ் வேலை செய்துவிட்டதால் மனைவி அதற்குள் தெளிந்துவிட்டாள். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கவில்லை. மெஷினில் ஒட்டிய ஒரு காகிதச் சீட்டுக்குத் தெரிந்த விலாசம், வானத்தில் சுற்றும் இத்தனை செயற்கைக்கோள்களுக்கு ஏன் தெரியாமல் போயிற்று? ஊர் திரும்பியபின் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை 1957-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அதன் 'பீப் பீப்' ஒலியை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இரண்டு இளம் விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் நெருங்கி வரும்போது ஒரு சுருதி, விலகிப் போகும்போது ஒரு சுருதி என்று ஊதல் மாறுகிறதல்லவா? அதேபோல் மாறிய அலைவரிசையை வைத்து ஸ்புட்னிக்கின் பாதையையே கணக்கிட்டுவிட்டார்கள். பிறகு கேள்வி தலைகீழானது. பூமியில் நிற்கும் இடம் தெரிந்தால் செயற்கைக்கோளின் பாதையைக் கண்டுபிடிக்கலாம் என்றால், செயற்கைக்கோளின் பாதை தெரிந்தால் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். அப்படிப் பிறந்ததுதான் 1960-களில் அமெரிக்கக் கடற்படையின் 'டிரான்சிட்' முறை.

அதற்கு அடுத்த தலைமுறைதான் ஜி.பி.எஸ். 1973-இல் திட்டமிட்டார்கள். 1978 பிப்ரவரியில் முதல் செயற்கைக்கோள் போயிற்று. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். இராணுவத்துக்கென்று கட்டப்படும் இந்த வசதி, முழுமையானதும் பொதுமக்கள் விமானங்களுக்கும் கிடைக்கும் என்று அதன்பிறகு அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. 1995-இல் 24 செயற்கைக்கோள்களோடு அமைப்பு முழுமையானது. ஆனாலும் பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தவறு வரலாம். அந்தப் பிழையை 2000 மே மாதம் நிறுத்தினார்கள். நம் சட்டைப்பையில் இருக்கும் நீலப் புள்ளி பயனுள்ளதாக ஆனது அதற்குப் பிறகுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த அமைப்பு யாருக்காகக் கட்டப்பட்டது? கடலில் போகும் கப்பலுக்கும், வானில் போகும் விமானத்துக்கும், திறந்த வெளியில் போகும் படைக்கும். அவர்களுக்கெல்லாம் தலைக்கு மேல் முழு வானமும் உண்டு. வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே, கையில் போனோடு நடந்து போகும் ஓய்வு பெற்ற வாத்தியாருக்காக அது கட்டப்படவில்லை.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொரு செயற்கைக்கோளும் "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வருகிறது. வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து, போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகும். நாம் இருக்கும் இடத்தைக் கணக்கிட மூன்று தூரங்கள் வேண்டும். போனில் இருக்கும் கடிகாரம் மலிவானது, அதன் பிழையைத் திருத்த நான்காவது ஒன்றும் வேண்டும். ஆக, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள்.

வந்து சேரும் சமிக்ஞை எவ்வளவு பலவீனம் தெரியுமா? ஒரு வாட்டைக் கோடியால் வகுங்கள். வந்த விடையை மறுபடியும் கோடியால் வகுங்கள். அதையும் நூறால் வகுங்கள். அவ்வளவுதான் நம் போனுக்கு வந்து சேருகிறது. ஒரு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் போதும், அது அநேகமாக அடங்கிவிடும்.

உயர்ந்த கட்டடங்கள் இரண்டு விதத்தில் கெடுக்கின்றன. ஒன்று, மறைப்பது. 40 மீட்டர் அகலச் சாலையின் நடுவே நிற்கிறோம், இருபுறமும் 200 மீட்டர் கட்டடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் 84 டிகிரிக்குக் கீழே இருக்கும் வானம் முழுவதும் மறைந்துவிடும். சாலை போகும் திசையில் ஒரு நீளக் கீற்று மட்டும் தெரியும். அந்தக் கீற்றில் இருக்கும் செயற்கைக்கோள்கள் சாலையின் நீளவாக்கில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். குறுக்குவாக்கில் சொல்ல ஆள் இல்லை. நீலப் புள்ளி சாலையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் தாவுவது இதனால்தான்.

இரண்டாவது, எதிரொலிப்பது. நேராக வர முடியாத சமிக்ஞை எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிறது. போனுக்கு அது நேராக வந்ததா, சுற்றி வந்ததா என்று தெரியாது. 50 மீட்டர் சுற்றி வந்திருந்தால், அந்தச் செயற்கைக்கோள் 50 மீட்டர் அதிகத் தொலைவில் இருப்பதாகவே அது கணக்குப் போடும். மலையடிவாரத்தில் கூவினால் எதிரொலி எதிர்த் திசையிலிருந்து வருகிறதல்லவா? அங்கே ஓர் ஆள் நிற்கிறான் என்று நம்பினால் எப்படியோ, அப்படி.

மேலும், செயற்கைக்கோள்கள் எல்லாமே நம் தலைக்கு மேலே இருப்பதால், உயரத்தைக் கணக்கிடுவதில் பிழை இன்னும் அதிகம். மேல் சாலையா, கீழ்ச் சாலையா என்று நீலப் புள்ளியை நம்பித் தீர்மானிக்க முடியாது.

சரி, அந்த இடத்தில் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் எப்படி வந்தன? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இன்று வானளாவிகள் நிற்கும் மேற்கு ஷின்ஜுகு, 1898 முதல் டோக்கியோவின் குடிநீரைச் சுத்திகரித்த யோதோபாஷி நிலையம் இருந்த இடம். 1965-இல் அதை மூடினார்கள். வடிகட்டும் குளங்கள் இருந்த பள்ளத்தின் மட்டத்தில் ஒரு சாலை, கரையின் மட்டத்தில் ஒரு சாலை என்று புதிய நகரம் இரண்டு மட்டங்களில் எழுந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது பழைய குளத்தின் மட்டம். மகள் ஓடியது கரையின் மட்டம்.

டோக்கியோவுக்கு அதுவரை வானம் பஞ்சமில்லை. 1920 முதல் அங்கே கட்டடங்கள் 31 மீட்டருக்கு மேல் எழக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்தக் கட்டுப்பாடு 1963-இல் தளர்ந்தது. 1968-இல் 36 மாடி, 147 மீட்டர் உயரத்தில் கசுமிகசெகி கட்டடம் எழுந்தது. 1971-இல் மேற்கு ஷின்ஜுகுவில் முதல் வானளாவியாக ஓர் ஓட்டல் வந்தது. 1990-இல் நாங்கள் ஏறிப் பார்த்த 243 மீட்டர் மாநகர அரசுக் கட்டடம் முடிந்தது. அமெரிக்கர்கள் வானத்தில் செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், டோக்கியோக்காரர்கள் தங்கள் தெருக்களின் வானத்தை ஒவ்வொரு கீற்றாக மூடிக்கொண்டிருந்தார்கள்.

வழி தேடுவதில் ஜப்பானியருக்கு அக்கறை அதிகம். காரணம், அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரத்துக்கு எண், அதற்குள் தெருக்களால் சூழப்பட்ட மனைத் தொகுதிக்கு எண், அதற்குள் கட்டடத்துக்கு எண். ஒரு தெருவைத் தாண்டினாலே விலாசம் மாறிவிடும். அதனால்தானோ என்னவோ, காரில் வழிகாட்டும் கருவிகளை அவர்கள் முந்திக்கொண்டு செய்தார்கள். 1981-இல் ஹோண்டா ஒரு கருவி கொண்டுவந்தது. செயற்கைக்கோளே இல்லை. கார் எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு திரும்பியது என்று தானே கணக்கு வைத்துக்கொண்டு, வரைபடத் தாளுக்குப் பின்னால் ஒரு புள்ளியை நகர்த்தும். 1990-இல் மஸ்டாவின் ஒரு காரில் ஜி.பி.எஸ். வழிகாட்டி வந்தது. 2001-இல் கைப்பேசியிலேயே வந்துவிட்டது.

கைப்பேசி வந்ததும்தான் தொல்லை பெரிதாயிற்று. கார் சாலையில் மட்டுமே ஓடும். சக்கரம் சுற்றிய கணக்கும் அதனிடம் உண்டு. மனிதன் எங்கே வேண்டுமானாலும் நடப்பான்.

இந்த இடத்தில் என் மாணவர்களுக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வர வேண்டும். 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினாரே லாம்டன், அவர் நம் காவிரிச் சமவெளிக்கு வந்தபோது என்ன ஆனது? மலை இல்லை. எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு. ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கோணம் அளக்க முடியும். அதனால் கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், ஏறக்குறைய அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்துபோனது. மனம் தளராமல் தானே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார் மனிதர். இதை வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து, "கீழேயிருந்தே அளந்திருக்கலாமே சார்" என்று ஒருவன் கேட்டான். முடியாது, தம்பி. நிற்கும் இடம் தெரிய வேண்டுமானால், தொலைவில் உள்ள ஒன்றை மறைப்பில்லாமல் பார்க்க வேண்டும். அன்று தென்னை மறைத்தது. இன்று கண்ணாடிக் கட்டடம் மறைக்கிறது.

லாம்டன் தன் கருவியை உயரத்துக்கு ஏற்றினார். ஜப்பானியர் வேறொன்று செய்தார்கள். பக்கவாட்டு வானம் போய்விட்டது, உச்சி வானம் மட்டும்தான் மிச்சம் என்றால், அந்த உச்சியிலேயே ஒரு செயற்கைக்கோளை நிறுத்துவோம் என்றார்கள். ஆனால் பூமியோடு கூடவே சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் நிற்க முடியும். டோக்கியோவிலிருந்து பார்த்தால் அது தெற்கே சாய்ந்து தெரியும், கட்டடம் மறைத்துவிடும். ஆகவே சாய்ந்த நீள்வட்டப் பாதை ஒன்றை வகுத்தார்கள். பூமியில் அதன் தடத்தை வரைந்தால், ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே சாய்ந்த 8 போல இருக்கும். கெப்ளர் விதிப்படி, பூமியிலிருந்து தூரமாக இருக்கும்போது கோள் மெதுவாக நகரும். அந்தத் தூரப் பகுதியை ஜப்பானுக்கு மேலே அமைத்ததால், ஒவ்வொன்றும் நாளில் ஏறக்குறைய 8 மணி நேரம் ஜப்பானின் உச்சிப் பக்கமே தங்கும். மூன்று இருந்தால் முறை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் காவல் காக்கலாம்.

முதல் செயற்கைக்கோள் 2010 செப்டம்பர் 11 அன்று ஏவப்பட்டது. பெயர் 'மிச்சிபிகி'. வழிகாட்டுவது என்று பொருள். 2017-இல் இன்னும் மூன்று போயின. அவற்றில் ஒன்று நிலநடுக்கோட்டுக்கு மேலே. 2018 நவம்பர் 1 முதல் முழுச் சேவை தொடங்கியது. ஜி.பி.எஸ்.ஸின் மொழியையே பேசுவதால் சாதாரண போன்களும் இதைப் புரிந்துகொள்ளும்.

அப்படியானால் 2023-இல் எங்களுக்கு ஏன் உதவவில்லை? உதவியிருக்கும். அது இல்லாவிட்டால் புள்ளி இன்னும் தூரம் அலைந்திருக்கும். ஆனால் உச்சியில் இருப்பது ஒன்று. வேண்டியது நான்கு. மற்றவை கட்டடங்களில் பட்டுத்தான் வந்தன. அதோடு, நாங்கள் ஒரு சாலைக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒன்றும் தெரியாத இடம் அது.

வேறு வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. 2011-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பால் குரோவ்ஸ் என்ற பேராசிரியர் 'நிழல் பொருத்தம்' என்றொரு முறையைச் சொன்னார். எந்தச் செயற்கைக்கோள் மறைந்திருக்கிறது என்பதும் ஒரு செய்திதானே? கட்டடங்களின் முப்பரிமாண வரைபடம் கையில் இருந்தால், தெருவின் எந்தப் பக்கம் நின்றால் அது மறையும் என்று கணக்கிடலாம். கெடுத்த கட்டடத்தையே சாட்சிக்கு அழைப்பது. 2018-இலிருந்து இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் போன்கள் வந்தன. அவற்றால் எதிரொலியை நேரொலியிலிருந்து மேலும் நன்றாகப் பிரிக்க முடியும். 2020 டிசம்பரில் கூகுள் நிறுவனம், கட்டட வரைபடங்களைக் கொண்டு திருத்துவதால் தெருவின் தவறான பக்கத்தைக் காட்டும் பிழை ஏறக்குறைய 75 சதவீதம் குறையும் என்று அறிவித்தது. மீதி 25 இருக்கிறதே, அதில் யாருடைய அம்மாவாவது படிக்கட்டில் உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். போன் தன் சந்தேகத்தை மறைப்பதில்லை. நீலப் புள்ளியைச் சுற்றி வெளிறிய நீல வட்டம் ஒன்று தெரியுமே, "இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்" என்பதுதான் அதன் பொருள். நாம்தான் புள்ளியைப் பார்க்கிறோம், வட்டத்தைப் பார்ப்பதில்லை. நானும் அன்று பார்க்கவில்லை. ஆனால் எதிரொலி நிறைந்த தெருவில் அந்த வட்டமே சிறிதாகத் தப்பாக விழலாம். ஆகவே அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

ஜப்பானியர் இந்த இரண்டையும் செய்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. வானத்தில் ஒரு மிச்சிபிகி. தரையில், ஆபத்து நேரத்தில் போன் செய்பவர் தான் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காக வெண்டிங் மெஷின்களில் ஒட்டிய விலாசச் சீட்டு. ஒன்று வந்துவிட்டதே என்று மற்றொன்றைக் கிழித்துப் போடவில்லை.

அதனால் பெற்றோரை வெளியூர் அனுப்பும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. மேப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இதையும் சொல்லிக் கொடுங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே புள்ளி தாவ ஆரம்பித்தால் அதன் பின்னால் ஓட வேண்டாம். நாற்சந்திக்கோ பூங்காவுக்கோ, வானம் தெரிகிற இடத்துக்குப் போய் ஒரு நிமிடம் நிற்கட்டும். நகர முடியாவிட்டால், கண்ணில் படும் கடைப் பலகை, கதவு எண், கம்பத்தில் ஒட்டிய சீட்டு எதையாவது போட்டோ எடுத்து அனுப்பட்டும். மேலேயா, கீழேயா என்பதை வாயால் சொல்லட்டும். கிளம்பும் முன்பே, தவறினால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் கூட்டத்துக்குப் போகும்போது நம் அம்மாக்கள் "காணாமப் போனா கொடிமரத்துக்கிட்ட வந்து நில்லு" என்று சொன்னார்களே, அதேதான்.

சர்க்கரை உள்ளவர்கள் மிட்டாய்ப் பொட்டலத்தை மறக்க வேண்டாம். இதை எழுதச் சொன்னது அந்த அம்மாதான்.

உங்களில் பலர் சிங்கப்பூர், துபாய், நியூயார்க் என்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறீர்கள். உங்கள் நீலப் புள்ளி உங்களை எங்கெங்கே கொண்டுபோய் விட்டது என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்